பூர்வீக வீட்டில் அண்ணன் பங்கை வாங்க: கிரயமா, விடுதலையா, செட்டில்மெண்டா?

கானாடுகாத்தான் வளவு வீட்டில் உடன்பிறந்த நான்கு பேருக்குச் சமபங்கு, மலேசியாவில் இருக்கும் மூத்தவரின் பங்கைக் கடைசித் தம்பி பணம் கொடுத்து வாங்குகிறார், எந்தப் பத்திரம் எழுதலாம், அரசுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடுதலைப் பத்திரம் எழுதுங்கள், அதாவது ஒரு பங்குதாரர் தன் பங்கை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம். கிரயம் (விற்பனைப் பத்திரம்) வேண்டாம்.

வீடும் மனையும் சேர்த்து அரசு மதிப்பு 1 கோடியே 20 லட்சம் என்றால் கால் பங்கு 30 லட்சம். கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. மொத்தம் 2,70,000 ரூபாய். உடன்பிறந்தாருக்குள் விடுதலை என்றால் தீர்வை 1%, அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1%, அதிகபட்சம் 10,000. ஆக 30,000, அதோடு 10,000, மொத்தமே 40,000தான். இந்த உச்சவரம்புகள் 2023 ஜூலை 10 முதல் நடப்பில் உள்ளவை. 25,000, 4,000 என்ற பழைய கணக்கை நம்பிப் பணம் எடுத்துப் போகாதீர்கள்.

செட்டில்மெண்டுக்கும் இதே கட்டணம்தான் என்பதால் பலர் அதை எழுதிவிடுகிறார்கள். செட்டில்மெண்ட் என்பது பிரியத்தால் சும்மா கொடுப்பது. பணம் பெற்றதாக அதில் ஒரு வரி வந்தாலும் கிரயத் தீர்வை கேட்பார்கள். எழுதாமல் மறைத்தால் வங்கிக் கணக்கு ஒன்று சொல்லும், பத்திரம் வேறு சொல்லும். பின்னால் வருமான வரியில் சிக்கல். விடுதலையில் வாங்கிய தொகையை உள்ளபடியே எழுதலாம். ஆனால் ஏற்கெனவே பங்கு உள்ளவருக்குத்தான் விடுதலை எழுத முடியும். தம்பி மனைவி பெயருக்கு நேராக எழுத வழியில்லை. தம்பி வாங்கிக்கொண்டு, பிறகு மனைவிக்குச் செட்டில்மெண்ட் எழுதட்டும்.

செட்டில்மெண்ட் சலுகைக்குச் சட்டம் சொல்லும் குடும்பம் சின்னது. பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தார், அவ்வளவே. மருமகளோ சித்தப்பா மகனோ அதில் வரமாட்டார்கள். பிள்ளை கூட்டிக்கொண்ட மகன் மகனாகவே கணக்கில் வருவார், சுவீகாரத்துக்கான ஆதாரத்தை எடுத்து வையுங்கள். குடும்பத்தார் அல்லாத பங்குதாரருக்கு விடுதலை எழுதினால் தீர்வை 7%, பதிவு 1%.

மதிப்பில்தான் நம் செட்டிநாட்டு வீடுகள் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் திறக்கும் வீட்டுக்கு எந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பு (மேலே சொன்ன அரசு மதிப்பு) என்பதைப் பத்திரம் எழுதும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கட்டடத்துக்குத் தனி மதிப்பு உண்டு, வயதுக்கு ஏற்பத் தேய்மானமும் கழிப்பார்கள். ஆகவே நூறு வருட வீட்டின் வயதைச் சரியாகக் காட்டுவது உங்களுக்கே லாபம். வீட்டை விட்டுவிட்டுக் காலிமனை என்று மட்டும் எழுதாதீர்கள். மதிப்பு குறைவு என்று சார்பதிவாளர் கருதினால் முத்திரைச் சட்டம் 47-அ பிரிவில் தனித்துணை ஆட்சியருக்கு அனுப்புவார். அது முடியும் வரை பத்திரம் நிலுவையில் நிற்கும்.

மூத்தவர் வர முடியாவிட்டால் கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, தன் சார்பில் வேறொருவர் செயல்பட அதிகாரப் பத்திரம் (பவர்) அனுப்பலாம். அதில் ‘விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்க, பதிவு செய்ய’ என்ற சொற்கள் இருக்க வேண்டும். பொதுவாக ‘நிர்வகிக்க’ என்று மட்டும் இருந்தால் திருப்பிவிடுவார்கள். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத்தீர்வை செலுத்தியாக வேண்டும். பலரும் தவறவிடுவது இந்தக் கெடுவைத்தான். அஞ்சல் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்றையும் பதிவு சமயத்தில் புதிதாக வாங்கி வையுங்கள்.

நால்வர் என்று கணக்கிட்டபோது மணமாகிப்போன சகோதரிகளைச் சேர்த்தீர்களா என்று ஒருமுறை பாருங்கள். அவர்கள் விட்டுப்போயிருந்தால் மூத்தவருடைய பங்கே கால் பங்கு அல்ல, தீர்வைக் கணக்கும் மாறும். வாரிசுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பங்கை எழுதுங்கள். கையெழுத்தான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யுங்கள்.