கதவுல சேஸ் நம்பர் இல்லன்னா திருட்டு வண்டியா?

கேள்வி: 2016 ஹூண்டாய் எலைட் ஐ20 ஒண்ணு புரோக்கர் மூலமா பேசிட்டு இருக்கேன் சார். கதவைத் திறந்தா ஓரத்துல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல உள்ள சேஸ் நம்பரும் ஆர்சில உள்ளதும் ஒண்ணுதான், இது போதும்கறார் புரோக்கர். ஆனா கூட வந்த ஃப்ரெண்டு, டோர், பானெட், பம்பர் எல்லாத்துலயும் வின் நம்பர் (அதான் சேஸ் நம்பர்) இருக்கணும், இதுல எதுலயும் இல்ல, வேண்டாம்டா விட்டுடுங்கறான். யார் பேச்சைக் கேக்கறது? (சேலம் வாசகர்)

பதில்: ரெண்டு பேர் பேச்சையும் கேக்காதீங்க.

முதல்ல ஃப்ரெண்டு சொல்றது. அவர் பாத்தது அமெரிக்கா வீடியோவா இருக்கும். அங்க 1984ல ஒரு சட்டம் போட்டு, 1987 மாடல்ல இருந்து அதிகம் திருடு போற கார்களுக்கு இன்ஜின், கியர்பாக்ஸ், டோர், பானெட், பம்பர்னு முக்கியமான பார்ட்ஸ்ல எல்லாம் வின் நம்பர் லேபிள் ஒட்டணும்னு ஆக்கிட்டாங்க. நம்ம ஊர்ல அது கிடையாது. இங்க கம்பெனி கட்டாயமா அடிச்சுத் தர வேண்டியது சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும்தான். டோர்ல தேடினா பார்ட் நம்பர் இருக்கலாம், கண்ணாடில கம்பெனி பேரும் தயாரிச்ச வருஷக் குறியும் இருக்கும், அதெல்லாம் உங்க வண்டி நம்பர் இல்ல. சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைல ஒரு பழைய டோர் வாங்கினீங்கன்னா அது எந்த வண்டில இருந்து வந்ததுன்னு அந்த டோரைப் பாத்து யாராலயும் சொல்ல முடியாது. மைக்ரோடாட்னு வண்டி பூரா பொடிப்பொடியா நம்பர் தெளிக்கற விஷயத்துக்கு 2019லயே ரூல் வந்துச்சு, ஆனா "தெளிச்சா இந்தத் தரத்துல தெளி"ங்கறதோட நிறுத்திட்டாங்க. கட்டாயம் இல்லன்னா எவன் தெளிப்பான்?

இப்ப புரோக்கர் கதைக்கு வரேன், எனக்கு பயமே இதுலதான். ஸ்டிக்கர் ஸ்டிக்கர்தான் சார். சுரண்டி எடுத்துட்டு வேற ஒட்ட எத்தனை நேரம் ஆகும்? ரிவெட் அடிச்ச பிளேட்டும் அப்படித்தான், ரிவெட்டை டிரில் பண்ணா கையோட வந்துடும். எச்எஸ்ஆர்பி (ஹை செக்யூரிட்டி நம்பர் பிளேட்) போட்ட வண்டில முன் கண்ணாடில ஒரு ஹாலோகிராம் ஸ்டிக்கர் இருக்கும், அதுலயும் சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இருக்கும், அதையும் நம்பி காசு குடுக்காதீங்க. தகட்டுலயே குழியா பஞ்ச் பண்ணின நம்பர் ஒண்ணுதான் கணக்கு. ஹூண்டாய்ல அது முன் சீட்டுக்கு அடியில தரைல இருக்கும், பெரும்பாலும் பாசஞ்சர் பக்கம். சீட்டைப் பின்னாடி தள்ளினா கார்ப்பெட்ல சின்னதா வெட்டி மூடி மாதிரி விட்டிருப்பாங்க, அதைத் தூக்கினா தெரியும். (பொலேரோ, ஸ்கார்ப்பியோ மாதிரி பிரேம் வச்ச வண்டின்னா பெரும்பாலும் முன் வீல் பக்கத்துல பிரேம்ல தேடணும்.) புரோக்கர் இந்த மூடியைத் திறக்கவே மாட்டார், கவனிச்சுப் பாருங்க. "அதெல்லாம் எதுக்கு சார், இதோ ஸ்டிக்கர்"னு கதவைத் திறந்து காட்டுவார், இல்லன்னா ஏற்கனவே எடுத்து வச்ச பென்சில் பிரிண்ட்டை பாக்கெட்ல இருந்து எடுத்து நீட்டுவார். அது எந்த வண்டில எடுத்ததோ யாருக்குத் தெரியும்.

பிரிண்ட்டை நீங்களே எடுங்க. மெல்லிசு பேப்பரை நம்பர் மேல வச்சு செல்லோடேப் ஒட்டி, பென்சிலைச் சாய்ச்சு மெதுவா தேய்ங்க. கருப்புல வெள்ளையா 17 எழுத்தும் வரும். உங்க வண்டிக்கு எம்ஏஎல்னு ஆரம்பிக்கணும், பத்தாவது எழுத்து 2016க்கு ஜி. 2016 ஜனவரில ரிஜிஸ்டர் ஆன வண்டில எஃப் இருந்தா அது முந்தின வருஷத்துது, ஃபிராடு இல்ல, விலைல குறைச்சுக் கேளுங்க. ஐ, ஓ, க்யூ மூணும் வின்ல வரவே வராது, இருந்தா அங்கயே கிளம்பிடுங்க. எழுத்தெல்லாம் ஒரே உயரம், ஒரே இடைவெளி, ஒரே ஆழமா இருக்கணும். அப்புறம் கட்டைவிரலால நம்பரைச் சுத்தித் தடவுங்க. நான் இன்சூரன்ஸ் சர்வேயரா இருந்தப்ப ஒரு வண்டில கண்ணுக்கு எதுவுமே தெரியல, பெயின்ட் அவ்வளவு பக்கா, விரல் வச்சப்பதான் நீள சதுரமா ஒரு மேடு தட்டுப்பட்டுச்சு. டோட்டல் லாஸ் ஆன (ரிப்பேருக்கே லாயக்கில்லாம நொறுங்கின) வண்டியை ஆர்சியோட வாங்கி, நம்பர் இருக்கற தகட்டை மட்டும் வெட்டி, அதே கலர்ல திருடின வண்டில வச்சு வெல்டு பண்ணியிருந்தாங்க. ஆர்சி ஒரிஜினல், நம்பரும் ஒரிஜினல், வண்டி மட்டும் வேற ஒருத்தரோடது. வண்டி நொறுங்கிப் போனா ஓனர் 14 நாளைக்குள்ள ஆர்டிஓக்கு சொல்லி ஆர்சியை கேன்சல் பண்ணணும்னு சட்டத்துலயே இருக்கு. யாராவது போய்ச் சொல்லி நான் பாத்ததில்ல, ஆபீஸ்லயும் யாரும் கேக்கறதில்ல. டிரான்ஸ்ஃபர் அப்ப ஃபைல்ல பென்சில் பிரிண்ட் இருக்கான்னு பாப்பாங்களே தவிர, குனிஞ்சு சீட்டுக்கு அடியில பாத்த ஆளை நான் விரல் விட்டு எண்ணிடுவேன்.

ஒரு இடத்துல மட்டும் அவசரப்பட்டு வண்டியை வேண்டாம்னு சொல்லாதீங்க, துரு. ஏசி டிரெய்ன் குழாய் அடைச்சுக்கிட்டா தண்ணி வெளிய போகாம பாசஞ்சர் பக்க கார்ப்பெட்டுக்கு அடியிலதான் இறங்கும், நம்பர் இருக்கற இடமும் அங்கதான், மாசக்கணக்கா ஈரம் நின்னா ரெண்டு மூணு எழுத்து அரிச்சுப் போயிடும். வெள்ளத்துல நின்ன வண்டிலயும் இதே கதைதான். இது திருட்டு இல்ல. துருப்பிடிச்சதுல குழி கரடுமுரடா, சுத்தி இருக்கற தகடும் அதே மாதிரி சொரசொரன்னு இருக்கும், கிரைண்டர் போட்டதுன்னா நம்பர் இருக்கற பட்டை மட்டும் வழவழன்னு பள்ளமா இருக்கும், அதை வச்சே பிரிச்சுடலாம். துருவா இருந்தா, இப்ப இருக்கற ஓனர் பேர்ல ஆர்டிஓல எழுதிக் குடுத்து, இன்ஸ்பெக்டர் பாத்து, அனுமதி ஆர்டர் வாங்கி மறுபடி பஞ்ச் பண்ணணும். வாங்கறதுக்கு முன்னாடி அவர் செலவுல அவரே பண்ணித் தரணும். "நம்ம லேத்து பட்டறைல அரை மணி நேரத்துல அடிச்சுத் தரேன்"னு புரோக்கர் சொன்னா ஒத்துக்காதீங்க, அந்த அரை மணி நேரத்துல நல்ல வண்டி போலீஸ் கேஸ் வண்டி ஆயிடும், ஆர்சி நம்பரும் வண்டி நம்பரும் ஒத்துப் போகலன்னா ரிஜிஸ்ட்ரேஷனை ரத்து பண்ற அதிகாரம் ஆர்டிஓக்கு இருக்கு.

இன்ஜின் நம்பர் பிளாக்குல அடிச்சிருக்கும், மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய் டார்ச் அடிச்சுப் பாருங்க. ஆர்சியோட ஒத்து வரலன்னா இன்ஜின் மாத்தியிருக்காங்க, அதை ஆர்சில ஏத்தினதுக்கப்புறம் வாங்கிக்கலாம். மெக்கானிக்கிட்ட ஸ்கேனர் இருந்தா ஈசிஎம்ல (இன்ஜினைக் கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்ல) இருக்கற வின்னையும் படிக்கச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

அட்வான்ஸ் இன்னும் குடுக்கலன்னு நெனைக்கறேன். பிரிண்ட் எடுக்கற வரைக்கும் நூறு ரூபா கூட குடுக்காதீங்க. சரியா இருந்து வாங்கிட்டீங்கன்னா அந்தப் பேப்பர்ல தேதி போட்டு ஆர்சி ஜெராக்ஸோட பின் பண்ணி வச்சுக்கோங்க, 2031ல பதினஞ்சு வருஷம் முடிஞ்சு ரின்யூவலுக்குப் போறப்ப யாராவது நம்பர் தெளிவா இல்லையேன்னு இழுத்தா எடுத்துக் காட்டலாம்.