துண்டு, பிரட்டு, போகம்பறை: மலையகத்துத் தண்டனைகள் பற்றிக் கேள்வி பதில்

வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், மறியல், அதாவது சிறை, பற்றிய கேள்விகள் எல்லாம் என்னிடமே வந்து சேர்ந்திருக்கின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

சேர், போகம்பறை எப்போது கட்டியது? இப்போதும் மறியல்தானா? (கண்டி)

வெள்ளைக்காரர் 1876இல் கட்டியது. 2014 ஜனவரியில் மூடிவிட்டு, கைதிகளைப் பல்லேகலைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். தூக்குமரம் இருந்த சிறை அது.

கண்டி ராஜாக்கள் காலத்தில் சிறை இருந்ததா?

இருந்தது. ஆனால் இத்தனை வருடம் என்று எண்ணி அடைத்து வைப்பது அந்தக் காலத்து வழக்கம் இல்லை. ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரைப் பாருங்கள். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டவர், 1679இல்தான் தப்பினார். அவரைக் கம்பிக்குள் போடவில்லை, கிராமத்தில் விட்டார்கள். சோறு போடுவது ஊராரின் கடமை. மனிதர் தொப்பி பின்னி விற்றிருக்கிறார்! மலையும் காடும்தான் மதில்.

அதற்காக அந்த ராஜாக்களை இரக்கசாலிகள் என்று நினைத்துவிடாதீர்கள். எகலப்பொல என்ற கண்டிப் பிரதானி ஆங்கிலேயர் பக்கம் போனதற்காக, 1814இல் அவருடைய பிள்ளைகளைக் கொன்று, மனைவியைப் போகம்பறை வாவியில் அமிழ்த்தினார்கள். அந்த உத்தரவைப் போட்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அடுத்த வருடமே பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்து, 1832இல் இறந்தான்.

தோட்டத்தை விட்டு ஓடினால் மறியலா? தாத்தா சொல்வார், நான் நம்பவில்லை. (பூண்டுலோயா)

நம்புங்கள் தம்பி. வெலிக்கடைச் சிறை கட்டியது 1841. வேலை ஒப்பந்தங்களுக்கான கட்டளைச் சட்டம் வந்ததும் அதே 1841. தற்செயலாக இருக்கலாம், எனக்கென்னவோ பொருத்தமாகத்தான் படுகிறது. அப்புறம் 1865இல் 11ஆம் இலக்கச் சட்டம். அறிவிக்காமல் வேலையை விட்டால் மூன்று மாதம் வரை கடூழியச் சிறை. சிவில் வழக்குப் போட வேண்டிய இடத்தில், கூலியாளைக் குற்றவாளியாக்கி நீதவான் முன் நிறுத்தினார்கள்.

ஆனால் சிறையை விடப் பயந்தது துண்டுக்குத்தான். ஆள் சேர்த்து வந்த கங்காணி கொடுத்த முன்பணம், பயணச் செலவு, அரிசிக் கடன் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டத்தின் தலையில் நிற்கும். 'இவ்வளவு ரூபாய் கட்டினால் இந்தக் கூட்டத்தை விடுவிப்பேன்' என்று தோட்டத்தை நடத்தும் துரை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். அதுதான் துண்டு. துண்டு இல்லாதவனை அடுத்த தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். புதுத் துரை பணம் கட்டி எடுத்தால் கடன் தீராது, ஆள்தான் கைமாறும். ஒரு தாள் போதும், பூட்டும் காவலும் தேவையில்லை.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் விடாமல் குரல் கொடுத்த பிறகு, 1920களின் தொடக்கத்தில்தான் துண்டும் போனது, வேலையை விட்டதற்குச் சிறை என்பதும் போனது.

இலங்கையில் தூக்கு இன்னும் உண்டா?

தீர்ப்பு உண்டு. கடைசியாகத் தூக்கிலிட்டது 1976இல்.

கசையடி? பள்ளிக்கூடத்துப் பிரம்பு?

நீதிமன்றம் கசையடி விதிக்க இடம் கொடுத்த சட்டத்தை 2005இல்தான் நீக்கினார்கள். பிரம்பைப் பற்றி நான் வாய் திறந்தால் என் பழைய மாணவர்கள் சிரிப்பார்கள். ஆம், நானும் எடுத்திருக்கிறேன். சரி என்று சொல்ல மாட்டேன்.

பிரட்டுக்களத்தில் என்ன தண்டனை இருந்தது ஐயா? (ஹட்டன்)

பிரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் பதிந்து வேலை பிரிப்பது. அங்கே நடந்த தண்டனையை எந்தச் சட்டப் புத்தகத்திலும் தேடாதீர்கள் தங்கச்சி. அரைப்பேர் போடுவது, அதாவது பாதி நாள் கூலி மட்டும் பதிவது, பிந்தி வந்தால் வீட்டுக்கு விரட்டுவது. எனக்கு ஏழு வயதிருக்கும், இரவெல்லாம் காய்ச்சல். அம்மா பிரட்டுக்குப் போகக் கொஞ்சம் பிந்திவிட்டது. போன வேகத்தில் திரும்பி வந்தார். இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்க்கவில்லை, கூடையை இறக்கவில்லை. அப்படியே முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து, "ஆயாகிட்ட சொல்லாத" என்றார்.