ஊர் தாங்கும் சுமையும் தாங்காத சுமையும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஒரத்தநாட்டுக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்து, இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். கஜா புயலுக்குப் பிறகு நிவாரணம் கேட்டு நம் பகுதி மக்கள் சாலை மறியல் செய்த படங்களைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. 1977 புயலில் எங்கள் வீட்டுக் கூரை பறந்தபோது யாரும் மனு எழுதவில்லை, பங்காளிகளும் அண்டை வீட்டாரும் கீற்று முடைந்து ஒரே வாரத்தில் வேய்ந்து கொடுத்தார்கள் என்று அப்பா சொல்வார். கஜாவின்போது அரசு கொடுத்த நிவாரணப் பெட்டியையும் அவர் வாங்க மறுத்துவிட்டார். கையேந்தாமல் ஊரே ஊரைப் பார்த்துக்கொண்ட அந்த முறையை மீட்க முடியாதா? அதற்காக மாதந்தோறும் ஒரு தொகை அனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தந்தையாரை நான் மிகவும் மதிக்கிறேன். தனக்குக் கிடைப்பது தன்னைவிட வறியவருக்குப் போகட்டும் என்று எண்ணும் பெரியவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். ஆனால் அப்படிச் சாலையில் அமர்ந்தவர்களில் நானும் ஒருவன். பட்டுக்கோட்டைச் சாலையில் நாங்கள் அமர்ந்தது புயலுக்குப் பின் ஆறாம் நாள். அதற்கு முந்தைய ஐந்து நாட்களில் நடந்ததை நீங்கள் அறிந்தால் உங்கள் வெட்கம் குறையும் என்று நம்புகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் காற்று ஓய்ந்தபோது எங்கள் தெருவிலிருந்து பிரதான சாலைக்குப் போகும் வழி முழுவதும் தென்னையும் புளியமரமும் குறுக்கே கிடந்தன. எந்த அதிகாரியையும் எதிர்பார்த்து யாரும் நிற்கவில்லை. அரிவாளும் கோடரியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு தலைக்கட்டுக்கு ஒருவர் என்று புறப்பட்டு, மறுநாள் மாலைக்குள் ஒரு டிராக்டர் போகும் அளவுக்கு வழி செய்துவிட்டோம். கூரை இழந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். அரிசி வைத்திருந்தவர்கள் அரிசி கொடுத்தார்கள். ஒரே அடுப்பில் சமைத்து எல்லோரும் உண்டோம். மூன்றாம் நாள் பணம் திரட்டி ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்தோம். ஆழ்குழாய் மோட்டார் உள்ள வீடுகளுக்கு அதை வரிசையாகக் கொண்டுபோய், வீட்டுக்குக் கால் மணி நேரம் தண்ணீர் ஏற்றுவது என்று ஒரு நோட்டில் முறை எழுதினோம். முறை எழுதியவன் நான்.

இதை நான் பெருமைக்காக மட்டும் எழுதவில்லை. நான்காம் நாள் காலையில் காலனியிலிருந்து ஒரு மூதாட்டி இரண்டு குடங்களோடு வந்து, எங்கள் முறை எப்போது வருகிறது என்று கேட்டார். நோட்டில் காலனி இல்லை. அங்கே எந்த வீட்டிலும் மோட்டார் கிடையாது. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியை நம்பித்தான் அத்தனை குடும்பமும் இருந்தது. வேண்டுமென்று யாரையும் விலக்கவில்லை என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் எங்கள் கண்ணில் ஊர் என்பது எந்த இடத்தோடு முடிந்தது என்பதை அந்த நோட்டு காட்டிவிட்டது. அன்றே ஜெனரேட்டரைத் தொட்டியின் மோட்டாரில் இணைத்தோம். அதிலிருந்து காலனிக்கும் தெருவுக்கும் ஒன்றாகத் தண்ணீர் வந்தது. அரசு கட்டிய தொட்டியும் ஊர் பிடித்த ஜெனரேட்டரும் சேர்ந்தபோதுதான் ஊர் முழுவதும் தண்ணீர் குடித்தது.

அப்படியானால் ஆறாம் நாள் ஏன் சாலைக்குப் போனோம்? புயல் பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. சாய்ந்த மரத்தை ஊரார் அறுத்துத் தள்ளலாம், மின்மாற்றியை ஊரார் நிறுத்த முடியாது. வெளியூர்களிலிருந்து அரிசியும் மெழுகுவர்த்தியும் தார்ப்பாயும் ஏற்றி வந்த நல்லவர்களின் வண்டிகளும் பிரதான சாலையை ஒட்டிய ஊர்களிலேயே தீர்ந்துவிட்டன, உள்ளே தள்ளியிருந்த எங்களை அவை எட்டவில்லை. நாங்கள் கேட்டது பிச்சை அன்று, கம்பம் நடும் ஆட்களை. பிறகு அந்த வேலைக்கு வேறு மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மின் ஊழியர்கள் வந்தார்கள். சேற்றில் இறங்கி அவர்கள் கம்பம் தூக்கியதைப் பார்த்தவர்கள் அதை அரசு உதவி என்பதா அண்டை வீட்டார் உதவி என்பதா என்று பிரித்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

உங்கள் தந்தையார் கண்ட உலகம் மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பேராவூரணி வட்டாரத்தில் ஆடி மாதம் தொடங்கினால் மொய் விருந்துகள் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். பணத்தேவை உள்ள சிலர் கூட்டாகப் பந்தல் போட்டுக் கறி விருந்து வைக்கிறார்கள். வருகிறவர்கள் தாங்கள் முன்பு வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்வதோடு புது மொய்யும் சேர்த்து எழுதுகிறார்கள். வட்டியும் அடமானமும் இல்லாமல், ஒரு நோட்டும் ஊரார் முகமுமே உத்தரவாதமாக இருக்க, பெண் கல்யாணமும் ஆழ்குழாய்க் கிணறும் கல்லூரிக் கட்டணமும் இதில் நடந்தேறியிருக்கின்றன. இதில் வாங்குகிறவர் தலைகுனிவதில்லை, ஏனென்றால் அவர் நேற்று கொடுத்தவர், நாளை கொடுக்கப்போகிறவர். நான் அறிந்த உதவி முறைகளில் இதைவிடக் கண்ணியமான ஒன்று இல்லை.

ஆனால் ஒரு வீட்டுக்குத் தேவை இருக்கும்போது மற்ற வீடுகளில் கொஞ்சமாவது இருப்பு இருந்தால்தான் மொய் ஓடும். கஜாவில் மொய் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் ஒரே இரவில் தென்னை சாய்ந்தது. தென்னங்காய் விற்றுத் திருப்பிச் செய்யலாம் என்று எண்ணியிருந்த எல்லோருமே கடனாளிகளாக நின்றார்கள். நெட்டைத் தென்னங்கன்று காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை யார் யாருக்கு மொய் எழுதுவது? சாய்ந்த மரத்துக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் என்று அரசு முதலில் அறிவித்தபோது அது போதாது என்று நாங்கள் குரல் எழுப்பியது சோம்பலால் அல்ல. ஊரே விழுந்தால் விழாத ஊர்களின் வரிப்பணத்திலிருந்து தோள் கொடுக்க வேண்டும், அதற்காகத்தான் நாமும் நல்ல காலத்தில் வரி கட்டுகிறோம்.

பழைய முறை என்று நாம் ஏங்குவதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பதற்கு முன் ஊர் கூடி வாய்க்கால் வெட்டியதைப் பற்றி எல்லோரும் இனிமையாகப் பேசுகிறோம். மேட்டூர் அணையே 1934இல் வந்ததுதான். அதற்கு வெகு முன்பு 1858இலேயே, சென்னை மாகாணத்தில் இந்தக் குடிமராமத்து வேலைக்கு ஆள் வராவிட்டால் கட்டாயப்படுத்தலாம் என்று சட்டம் இயற்றப்பட்டிருந்தது. தானாக நடந்த வேலைக்குச் சட்டம் எதற்கு? தஞ்சாவூர்ச் சீமையில் மிராசுதார் பெயரில் எழுதப்பட்ட பங்குக்கு உண்மையில் சேற்றைச் சுமந்தவர்கள் பண்ணையாட்கள். அவர்களை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்பதற்கே 1952இல் அரசு தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஊரை மட்டும் நம்பியிரு என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

சமமாக நின்று செய்யும்போது அதே வேலை எப்படி மாறுகிறது என்பதற்கும் நம் அருகிலேயே சான்று இருக்கிறது. கஜாவுக்கு மறு ஆண்டு, பேராவூரணிப் பகுதி இளைஞர்கள் ஒன்றுகூடி, ஊராரிடமும் வெளிநாட்டில் இருக்கும் உங்களைப் போன்றவர்களிடமும் பணம் திரட்டி, 500 ஏக்கருக்கு மேற்பட்ட பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் தண்ணீர் வராமல் ஏங்கிய நிலங்களுக்கு அந்தக் குளம்தான் ஆதாரம்.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மாதந்தோறும் அனுப்ப வேண்டாம். உங்கள் ஊரார் ஒரு ஜெனரேட்டரையும் மரம் அறுக்கும் மிஷினையும் சொந்தமாக வாங்க முன்வந்தால் உங்கள் பங்கை மட்டும் கொடுங்கள், மீதியை வீட்டுக்கு வீடு வசூலிக்கட்டும், காலனியிலும் அவர்களால் இயன்றதை வாங்கட்டும். பராமரிக்கும் குழுவில் அவர்களும் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் இப்போது ஒவ்வோர் ஐப்பசிப் பிறப்பன்றும் ஜெனரேட்டரை வெளியே எடுத்து, டீசல் ஊற்றி ஓட்டிப் பார்க்கிறோம். புது நோட்டில் முறை மேல்நிலைத் தொட்டியிலிருந்து தொடங்குகிறது.

அன்புடன்.