11ஏ இருக்கைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். 68 வயதான, முழங்கால் வலியுள்ள என் அம்மாவை விமானத்தில் டெல்லிக்கு அழைத்துச் செல்கிறேன். அகமதாபாத் விபத்தில் பிழைத்த ஒரே பயணி 11ஏ இருக்கையில் இருந்ததால், அதே இருக்கைதான் வேண்டும் என்கிறார். வாங்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம். 2025 ஜூன் 12 அன்று விழுந்த போயிங் 787 விமானத்தில் இருந்த 242 பேரில் அவர் ஒருவரே மீண்டார் என்பதும், அவசர வழிக்கு அருகில் அமர்ந்திருந்தார் என்பதும் உண்மை. ஆனால் விமானத்தின் வகை மாறினால் 11ஏ வேறோர் இடத்துக்குப் போய்விடும். 1985இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் விபத்தில் 524 பேரில் பிழைத்த நால்வரும் பின்பகுதியில் இருந்தவர்கள். மேலும், அவசர வழியை ஒட்டிய வரிசையில் அமர்பவர் தேவைப்பட்டால் கதவைத் திறக்க வேண்டியிருப்பதால், முழங்கால் வலியுள்ளவருக்கு அதை ஒதுக்கமாட்டார்கள்.

நம் ஊரிலேயே 1990 பிப்ரவரி 14 அன்று, பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்தின் ஓடுதளத்தை எட்டுமுன் கோல்ஃப் மைதானத்தில் இறங்கி எரிந்த ஏர்பஸ் 320இல் 146 பேர் இருந்தனர். 92 பேர் இறந்தனர், 54 பேர் பிழைத்தனர். மோதலுக்குப் பின் உயிரோடு இருப்பவரைத் தீயும் புகையும் முந்திக்கொள்ளும் இத்தகைய விபத்துகளில்தான் பயணியின் செயலுக்குப் பலன் உண்டு. பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிகளுக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமான வகைக்கே சான்று கிடைக்கிறது.

ஆகவே, வாசலுக்குச் சில வரிசைகளுக்குள் நடைபாதையோர இருக்கையை அம்மாவுக்கும், பக்கத்து இருக்கையை உங்களுக்கும் எடுங்கள். அமர்ந்ததும் முன்னும் பின்னும் வாசல்வரை எத்தனை இருக்கை முதுகுகள் என்று அவர் கையாலேயே தொட்டு எண்ணச் சொல்லுங்கள். புகையில் கண் உதவாது. பெல்ட்டை வயிற்றின்மேல் அல்ல, இடுப்பெலும்பின்மேல் இறுக்க வேண்டும். காரில் பொத்தானை அழுத்திப் பழகியவர்கள் பதற்றத்தில் இதிலும் பொத்தானைத் தேடுகிறார்கள். இங்கே மூடியைத் தூக்க வேண்டும். இரண்டு மூன்று முறை போட்டுக் கழற்றிப் பார்க்கட்டும். பருத்திப் புடவை நல்லது, நைலான் தீயில் உருகித் தோலில் ஒட்டும். விமானம் மேலேறும்போதும் தரையிறங்கும்போதும் செருப்பைக் கழற்ற வேண்டாம்.

பை? அதை விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் எரிந்த விமானத்திலிருந்து 379 பேரும் உயிருடன் வெளியேறியபோது பெரும்பாலோர் வெறுங்கையுடன்தான் இறங்கினார்கள். அம்மாவின் மாத்திரைச் சீட்டை மட்டும் முன்கூட்டியே உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.