அத்தோவை கையில பிசையாம வேற எதுல பிசையுறது?

கேள்வி: பாரிமுனையில பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ல வண்டிக்கடையில அத்தோன்னு ஒண்ணு விக்கிறாங்க. சைனீஸ் நூடுல்ஸ்ல கலர் ஏத்தி கையாலயே பிசைஞ்சு குடுக்குறாங்க, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. நம்ம ஊருக்கு சம்பந்தமே இல்லாத இந்தக் கடைங்களை ஏன் ரோட்டுல விட்டு வச்சிருக்காங்க?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: சம்பந்தம் இல்லன்னு எப்படிங்க சொல்ல மனசு வந்துச்சு? 1962ல பர்மாவுல நெ வின் ராணுவ ஆட்சி வந்துச்சு, 1964ல கடை கண்ணி எல்லாத்தையும் அரசாங்கமே எடுத்துக்கிச்சு, அதே வருஷம் 50, 100 கியாட் நோட்டும் செல்லாதுன்னுட்டாங்க, ரங்கூன்ல தலைமுறை தலைமுறையா இருந்த நம்ம சனங்க அப்படியே போட்டது போட்டபடி கப்பலேறி மெட்ராஸ்ல வந்து இறங்குனாங்க. அவங்க பொழைக்கத்தான் 1969ல பர்மா பஜாரே வந்துச்சு. இங்க ஒட்ட முடியாம பர்மாவுக்கே திரும்பிடலாம்னு தரைவழியா கிளம்புனவங்க சிலர் மணிப்பூர் எல்லையில மோரேயிலயே தங்கிட்டாங்க, இன்னிக்கும் அங்க தமிழ் கேக்கும். அந்த சனங்க வீட்டு சாப்பாடுதாங்க அத்தோ.

சைனீஸும் இல்ல. பர்மிய பாஷையில 'தோக்'னா பிசையுறது, கலக்குறது. 'லெத்தோக்'னே அங்க ஒரு ஐட்டம் இருக்கு, 'லெ'ன்னா கை. பேர்லயே கை இருக்குங்க! ஒரு நாள் பக்கத்துல நின்னு பாருங்க. ஒரு பிடி நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரிச்ச வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாத்தூள், புளித்தண்ணி, அதுக்கு மேல பேஜோங்கிற மொறுமொறுன்னு பொரிச்ச தட்டைய நொறுக்கிப் போட்டு நாலு விரலால கீழருந்து மேல அள்ளி அள்ளிப் பிசைவாங்க. கரண்டில கிளறினா நூடுல்ஸ் உடையும், புளி ஒரு பக்கமா நின்னுடும். வீட்டுல தயிர்சாதத்த ஸ்பூன்லயா பிசையுறோம்?

கலர் பத்தி கேட்டது நியாயம், அது இல்லாமலே ருசிக்கும், கடைக்காரங்க குறைச்சுக்கணும். சுத்தமும் கேளுங்க, தாராளமா கேளுங்க, ஆனா கடைக்காரர மட்டும் கேட்டா போதாது. வண்டிப் பக்கத்துல ஒரு தண்ணிக் குழாய், ஒரு குப்பைத்தொட்டி வைங்கன்னு மாநகராட்சியையும் கேக்கணும். தெருவோர வியாபாரிங்களுக்குன்னு 2014லயே சட்டம் வந்தாச்சு, கண்டபடி தூக்கி எறிய முடியாது, எறியவும் கூடாது.

சாயங்காலமா ஒரு தடவ போய் உக்காருங்க. காரம் கம்மின்னு முதல்லயே சொல்லிடுங்க. கூட ஒரு கிண்ணத்துல வாழைத்தண்டு சூப் வரும், ரங்கூன்ல காலையில சாப்புடுற மொஹிங்கா மீன் குழம்புலயும் இதே வாழைத்தண்டுதான் கிடக்கும், இங்க மீன் இல்லாம வருது. அதத் தொட்டுக்காம தனியா சூடா குடிங்க, கேட்டா இன்னொரு கரண்டி ஊத்துவாங்க.