அப்பா, மகன், ஒரு வில்லுக்கத்தி: கேள்வி பதில்

கிளிநொச்சி: மகனுக்கு ஒன்பது வயது. முதல் வில்லுக்கத்தியாக, அதாவது மடிக்கிற கத்தியாக, எதை வாங்கலாம்?

பூட்டு உள்ளதாக, முனை கூரில்லாததாக வாங்குங்கோ. ஒப்பினெல் என்ற பிரெஞ்சு மடிப்புக் கத்தியின் 7ஆம் இலக்கத்தில் சிறுவருக்கென்றே முனை வட்டமான ஒன்று வருது. கழுத்து வளையத்தைத் திருப்பினால் அலகு அசையாது. சின்ன சுவிஸ் கத்திகளில் பூட்டில்லை, உள்ளிருக்கும் வில்லு மட்டும்தான் அலகைப் பிடிக்கும். துளை போடக் குத்தினால் அலகு விரலில் மடியும்.

முதல் வேலை பச்சைப் பூவரசந்தடியில் பட்டை உரிக்கிறது. முதிரை, பாலை வேண்டாம். வைரம் பாய்ஞ்ச மரத்தில் பொடியன் பலம் போடுவான், அப்பதான் கத்தி வழுக்கும். உடம்புக்கு வெளிப்பக்கமாகச் சீவவேணும். தொடைக்கு நடுவில் வைத்துச் சீவக்கூடாது, அங்கே பெரிய நாடி ஓடுது. நீங்கள் எதிரில் இருக்காமல், ஒரு கை நீளம் தள்ளிப் பக்கத்தில் இருங்கோ.

புதுக்குடியிருப்பு: தீட்டுறதை மகனுக்கு எப்படிப் பழக்கிறது?

இதுதான் இரண்டு பேரும் சேர்ந்து செய்ய நல்ல வேலை. 1000ஆம் எண் தண்ணீர்க் கல்லை (தண்ணியில் ஊறவைத்துத் தீட்டுற கல்), குமிழி நிற்கும்வரை ஊறவிடுங்கோ. அலகின் அகலத்தை அளவுங்கோ. 15 மில்லிமீற்றர் என்றால், முதுகை, அதாவது வெட்டாத மொத்தப் பக்கத்தை, கல்லிலிருந்து 5 மில்லிமீற்றர் தூக்கினால் 20 பாகை வரும்.

தீட்ட முதல் வாய், அதாவது வெட்டுற ஓரம், நெடுக மார்க்கர் மை பூசுங்கோ. இரண்டு இழுவை இழுத்துவிட்டு வெளிச்சத்தில் பிடியுங்கோ. வாயின் நுனியில் மை மிஞ்சினால் முதுகு பதிவாக நிற்குது. நுனியில் மட்டும் அழிஞ்சால் கூடத் தூக்கிட்டியள். மை பார்க்கிற வேலை மகனுடையது, கண் அவனுக்குத்தான் கூர்மை.

ஒரு பக்கத்தையே தீட்டினால் மறுபக்கத்தில் பிசிர், அதாவது மெல்லிய இரும்பு விளிம்பு, எழும்பும். பெருவிரலைக் குறுக்கே தடவிப் பாருங்கோ, ஒருபோதும் நெடுக்கே தடவாதேங்கோ. அடியிலிருந்து முனைவரை பிசிர் தட்டுப்பட்ட பிறகே பக்கம் மாத்துங்கோ. அதுக்குப் பிறகு மாறி மாறி, பாரம் குறைச்சுக் குறைச்சு ஐந்து தரம். கடைசியாகத் தோல் வாரில், முதுகு முன்னுக்குப் போக, இருபது தரம்.

கிறைண்டரில் மட்டும் பிடிக்காதேங்கோ. வாய் நீலம் பாய்ஞ்சால் சூடு 300 பாகையைத் தொட்டிட்டுது, உருக்கின் பதம் போச்சு.

மல்லாவி: நேரமில்லை. கிறைண்டரில் மெதுவாகப் பிடிக்கலாமோ?

வேண்டாம். காரணம் மேலே இருக்கு.

வவுனியா: அப்பு காலத்திலிருந்து நல்லெண்ணெய்தான் பூசுறம். அதில் என்ன பிழை?

அலகில் பூசினால் பிழையில்லை. அலகு மடியும் மூட்டில், மடிப்பில்தான் பிழை. நல்லெண்ணெய் காத்துப் பட்டு மெல்ல மெல்லப் பிசினாகும், எங்கட செம்மண் புழுதி அதில் ஒட்டும். மடிப்புக்குத் தையல் மெசின் எண்ணெய் விடுங்கோ.

நெடுங்கேணி: அப்ப தேங்காயெண்ணெய்தானே சரி? அது பிசினாகாதே.

பிசினாகாது, உண்மை. ஆனால் 24 பாகைக்குக் கீழே உறையும். மார்கழி விடியலில் போத்தலுக்குள் வெள்ளையாய் நிற்கிறதைப் பாருங்கோ, மடிப்புக்குள்ளும் அதுதான் நடக்கும்.

வவுனியா: தையல் மெசின் எண்ணெய் பட்ட கத்தியால் மாம்பழம் வெட்டுறதோ?

நியாயமான கேள்வி. மெசின் எண்ணெய் மடிப்புக்கு ஒரே ஒரு துளி. விரிச்சு மடிச்சுப் பத்துத்தரம் ஓடவிட்டு, வெளியே வந்ததைத் துடைச்சுவிடுங்கோ. அலகுக்குத் தேங்காயெண்ணெய், கையில் ஒட்டாத அளவு மெல்லிசாக. தேசிக்காய், வாழைப்பால் பட்டு அலகு கறுத்தால் பயப்படாதேங்கோ. சிவப்புத் துருவைத்தான் விடக்கூடாது.

மாங்குளம்: மழைக்கு மரப்பிடி ஊதி அலகு வெளியே வரேல்லை.

வளையம் திறந்திருக்கோ என்று பார்த்து, பிடியின் அடியை மரமேசையில் தட்டுங்கோ, அலகு எட்டிப் பார்க்கும். நிழலில் காயவிடுங்கோ. வெயிலில் வைத்தால் பிடி வெடிக்கும்.

ஒட்டுசுட்டான்: தண்ணி தொட்டுத் தொட்டு கிறைண்டரில்…

வேண்டாம் தம்பி. மெல்லிய வாய் சில்லைத் தொடும் அந்தக் கணத்திலேயே சுட்டிடும், தண்ணி பிந்தித்தான் வரும்.

மல்லாவி: மாமா வெளிநாட்டிலிருந்து கத்தி கொண்டுவாறார்.

கைப்பையில் வேண்டாம், விமானத்தில் ஏத்திவிடும் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கோ.

முல்லைத்தீவு: மகன் கத்தியால் நிலம் கிண்டுறான்.

உடனே நிறுத்துங்கோ அக்கா. முனை போறது சின்னக் காரியம். 2009க்குப் பிறகும் வன்னி மண்ணுக்குள் வெடிக்காததுகள் கிடக்கு. தெரியாத இரும்பு கண்டால் தட்டவோ நெம்பவோ கூடாது. வந்த வழியே திரும்பிப் போய்ப் பொலிசுக்குச் சொல்லவேணும்.

கிளிநொச்சி: கத்தியைக் கையில் குடுத்தால் சண்டை வரும் என்று அம்மா சொல்றா.

மடிச்சு மேசையில் வையுங்கோ, அவன் எடுக்கட்டும். அம்மா சொன்னபடியும் ஆச்சு, விரலுக்கும் பாதுகாப்பு.

புதுக்குடியிருப்பு: மகன் தீட்டினான், முனைப்பக்கம் வட்டமாய்ப் போச்சு. நான் திருத்திக் குடுக்கட்டோ?

வேண்டாம். முனை வரும்போது மணிக்கட்டைத் தூக்கியிருக்கிறான், எல்லாரும் விடுற பிழை. மார்க்கரை அவனிடம் குடுத்து, முனையிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு மை பூசச் சொல்லுங்கோ. எங்கே அழியுது என்று அவனே பார்த்துச் சொல்லட்டும்.