பசுமைப் பொருளை ஏன் வாங்குகிறோம்? டர்பனிலிருந்து கேள்வி பதில்

பல வருடங்களாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடைகளில் வாடிக்கையாளர் ஆய்வு செய்கிறேன். சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைந்த பசுமைப் பொருட்கள் பற்றி வந்த கேள்விகளில் என் துறைக்குள் வருபவற்றுக்குப் பதில் தருகிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

சாட்ஸ்வொர்த்: பூமி மேல் அக்கறை உள்ளவர்கள்தானே அக்கா இதையெல்லாம் வாங்குகிறார்கள்?

அக்கறை நிறையப் பேருக்கு இருக்கிறது. ஆனால் கல்லா முன் நிற்கும்போது வேறு கணக்குகள் வந்துவிடுகின்றன. 2003 மே மாதம் இலவச பிளாஸ்டிக் பை நின்று, பை ஒன்று 46 சென்ட் ஆனது. அதுவரை கம்பி வேலிகளில் சிக்கிக் கிடந்த பைகளைத் 'தேசிய மலர்' என்பார்கள். காசு கேட்டதும் பை வாங்குவது சட்டென்று சரிந்தது. அப்புறம் கடைகள் விலையைக் குறைக்க, விற்பனை மெல்ல ஏறியது.

வீட்டுக் கூரையில் போடும் சோலார் தகடும் அப்படித்தான். கரண்ட் கட்டில் பிள்ளைகள் மெழுகுவத்தியில் படித்ததால்தான் என் தெருவில் முதல் வீடு தகடு போட்டது. அதைப் பார்த்து எதிர்வீடு. தகடுகளுக்கு 25 சதவீதம், அதிகபட்சம் 15,000 ராண்ட் வரிச்சலுகை 2023 மார்ச்சில் வந்ததும் இன்னும் இரண்டு வீடு.

பீனிக்ஸ்: எந்தச் சலவைத்தூள் நல்லது?

பிராண்ட் சொல்ல மாட்டேன். முன்பக்கத்து 'ஈகோ', 'இயற்கை' எல்லாம் வெறும் சொல். டப்பாவைத் திருப்பி, என்ன இருக்கிறது, யார் சோதித்தார்கள் என்று பாருங்கள்.

வெருளம்: காசுதான் காரணம் என்பதை ஏற்க மாட்டேன். 2003க்கு முன்பே என் அம்மா துணிப்பையோடுதான் கடைக்குப் போவார்.

உங்கள் அம்மாவுக்கு அது பழக்கம் தம்பி, விலை ஏறினாலும் இறங்கினாலும் மாறாது. நான் சொல்வது பழக்கமில்லாதவர்களைப் பற்றி.

வெருளம்: அப்போ பைக்குக் காசு வாங்கினால் போதுமா?

போதாது. காசு ஆரம்பித்து வைக்கும், பழக்கம்தான் நிலைக்க வைக்கும். என் வீட்டுக் கதவின் உள்பக்கம் ஆணியில் இரண்டு பை தொங்குகின்றன. ஆணி அடிக்கும்வரை தினமும் மறந்தேன். ஆனால் பத்துப் பை வாங்கிக் குவிக்காதீர்கள். புவி சூடாவதைக் கணக்கிட்ட 2011 பிரிட்டன் அரசு அறிக்கைப்படி, ஒரே தடவை பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட நல்லதாக இருக்க ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: நல்ல சோப்புத்தூள் எது?

மேலே சொல்லிவிட்டேன். டப்பாவைத் திருப்புங்கள்.

டோங்காட்: சோலார் பேட்டரி எத்தனை வருடம் உழைக்கும்?

எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.

ஸ்டாங்கர்: சின்னக் கடை வைத்திருக்கிறேன். இவற்றை எப்படி விற்பது?

அமெரிக்க ஹோட்டல் ஒன்றில் நடந்த சோதனை 2008இல் வெளிவந்தது. 'சுற்றுச்சூழலைக் காப்போம்' அட்டையைவிட, 'இந்த அறையில் தங்கியவர்களில் பெரும்பாலோர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள்' என்ற அட்டைக்கே அதிகம் பேர் இணங்கினார்கள். உங்கள் தெருவில் எத்தனை வீடு ரீஃபில் (பழைய டப்பாவிலேயே மறுபடி நிரப்பிக்கொள்ளும் பொருள்) வாங்குகிறது என்று எண்ணி, உண்மையான எண்ணையே கல்லாவுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.